ரோச் வாங்கும்போது முதலில் பற்றரியைப் பாருங்கள்

கடையில் "50,000 லூமன்" என்று வெளிச்ச அளவு அச்சடித்த ரோச் லைற்றைக் கையில் தந்தால், பின்மூடியைக் கழற்றி உள்ளே என்ன பற்றரி என்று பாருங்கள். அநேகமாக ஒரு 18650தான் இருக்கும்: 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். நல்ல தயாரிப்பிலேயே அதற்குள் 3500 மில்லி அம்பியர் மணி அளவுதான் அடங்கும். 3.6 வோல்ற்றால் பெருக்கினால் 12.6 வாற் மணி. எல்.ஈ.டியும் அதை ஓட்டும் சேர்க்கிற்றும் சேர்ந்து வாற்றுக்கு ஏறக்குறைய 100 லூமன் தருகிறது என்று வையுங்கள். 1000 லூமன் எரிய 10 வாற் வேண்டும். ஒன்றேகால் மணித்தியாலத்தில் பற்றரி இறங்கிவிடும். இந்தக் கணக்கில் 50,000 லூமனுக்கு 500 வாற் தேவை. உடுப்பு அழுத்தும் 1000 வாற் அயன் பெட்டியில் பாதி அது. அதை உள்ளங்கைக்குள் பிடித்திருக்க ஏலாது.

பற்றரியிலும் ஏமாற்று உண்டு. 18650 ஒன்றில் 9900 மில்லி அம்பியர் மணி என்று எழுதியிருந்தால் அது பொய், யோசிக்கவே வேண்டாம். சரியானது 45 கிராம் அளவில் நிறுக்கும். மிகவும் இலேசாக இருந்தால் உள்ளே சரக்குக் குறைவு. புதிதாக வாங்குபவர்களுக்கு 21700 பற்றரி போடும் ரோச் நல்லது. 5000 மில்லி அம்பியர் மணி கிடைக்கும், கைப்பிடியும் அவ்வளவு தடிப்பாகாது. பழைய லப்ரொப்பில் கழற்றிய பற்றரியை மலிவுக்காகப் போடாதீர்கள். அதன் உள் நிலை வெளியே தெரியாது, உயர் மின்னோட்டம் இழுக்கும்போது சூடேறும்.

அடுத்தது, வெளிச்சம் எங்கே விழவேண்டும் என்பது. லூமன் என்பது மொத்த வெளிச்சம். எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கண்டெலா சொல்லும். கண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீற்றரில் தூரம் வரும்: 10,000 கண்டெலா என்றால் 200 மீற்றர். 400 மீற்றருக்கு 20,000 போதாது, 40,000 வேண்டும். பெட்டியில் போடும் அந்தத் தூரம்கூட முழுநிலவு அளவு வெளிச்சம் எஞ்சும் இடம்தான். அங்கே நிற்பது மாடா ஆளா என்று பிரித்தறிய அதில் பாதித் தூரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படலையிலிருந்து கிணற்றடி வரை போக, விடியப்புறம் பனங்காணிக்குள் பனம்பழம் பொறுக்க, தூரப் பாய்ச்சல் தேவையில்லை. காலடி முழுக்கப் பரந்து தெரியவேண்டும். 300 முதல் 500 லூமன், சொரசொரப்பான பிரதிபலிப்பான் அல்லது பிளாஸ்ரிக் வில்லை உள்ளது போதும். தோட்டத்தின் அந்தத் தலைப்பைப் பார்க்கவும், கிணற்றின் அடித்தளத்தைப் பார்க்கவும் ஆழமான, மழமழப்பான பிரதிபலிப்பான் உள்ளதை எடுங்கள். தலைப்பகுதி பெருக்கப் பெருக்கக் கற்றை ஒடுங்கும். இழுத்துச் சுருக்கும் 'சூம்' ரோச் இரண்டு வேலையும் செய்வது போலத் தோன்றும். ஆனால் கற்றையை ஒடுக்கும்போது வெளிச்சத்தில் பெரும்பங்கு குழாய்க்குள்ளேயே தடைபட்டுப்போகும், அந்த இழுவைப் பகுதியால் தண்ணீரும் உள்ளே இறங்கும்.

நிறத்தைப் பலர் கவனிப்பதில்லை. 6500 கெல்வின் நீலவெள்ளை கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும், ஆனால் சருகுக்குள் கிடக்கும் புடையனைச் சருகிலிருந்து பிரித்துக் காட்டாது. 4000 முதல் 5000 கெல்வின், நிறத்தெளிவு எண் (CRI) 90 அல்லது அதற்கு மேல் என்றால் மண்ணிறத்துக்குள் மண்ணிறம் வேறுபட்டுத் தெரியும். லூமன் சற்றுக் குறையும்; பாம்புப் பயம் உள்ள வளவுக்கு அந்த இழப்பு பரவாயில்லை. மார்கழிப் பனியிலும் மழையிலும் ரோச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடிக்காமல் இடுப்பளவில் பிடியுங்கள், எதிரே வெள்ளைத் திரை போல வருவது குறையும்.

ஆகக்கூடிய வெளிச்சத்தில் சில நிமிடம் எரிந்தபின் ரோச் தானாக மங்கினால் பழுதென்று நினைக்காதீர்கள். சூடு கூடியதால் சேர்க்கிற் மின்னோட்டத்தைக் குறைக்கிறது. பார்க்கவேண்டியது, குறைந்தபின் எவ்வளவு நிற்கிறது என்பதை. பெட்டியில் உள்ள 'எரியும் நேரம்' தொடக்க வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையான கணக்கு. ஆறு மணித்தியாலம் என்று போட்டிருந்தாலும் அதில் பெரும்பகுதி மங்கலாகவே போகலாம்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை: உச்சத்தில் போட்டு ஐந்து நிமிடம் பிடியுங்கள். உலோக உடல் சீராகச் சூடேறவேண்டும். வெளிச்சம் மங்கி நீலமாகியும் உடல் குளிர்ந்தே இருந்தால், எல்.ஈ.டி உலோகத்தோடு ஒட்டவில்லை, சூடு வெளியேறாமல் சீக்கிரம் கருகும். பிறகு குறைந்த வெளிச்சத்தில் போட்டு, போன் கமராவால் பாருங்கள். கறுப்புப் பட்டிகள் ஓடினால் அது விட்டுவிட்டு எரிகிறது. நெடுநேரம் பார்க்கக் கண் உளையும். சார்ச் துவாரம் யூ.எஸ்.பி. சி வகையாக இருந்தால், இரண்டு முனையும் சி ஆன கேபிளைக் கொழுவிப் பாருங்கள். மலிவான ரோச்சுகளில் 5.1 கிலோ ஓம் தடைகள் இரண்டை விட்டுவிடுவார்கள், அதனால் பழைய ஏ முனைக் கேபிளில் மட்டுமே ஏறும்.

பரவைக்கடலில் இறங்குபவர்கள் தண்ணீர் தாங்கும் தரம் ஐ.பி.எக்ஸ் 8 என்று குறித்ததை எடுக்கவேண்டும். எக்ஸ் 4 தூறலுக்கு மட்டும். எக்ஸ் 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணித்தியாலம் தாங்கும். ஆனால் இந்தச் சோதனைகள் நல்ல தண்ணீரில் செய்தவை. உப்புத் தண்ணீர் புரியில் காய்ந்தால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து இறுகி, மூடியைக் கழற்ற முடியாமற் போகும். கரைக்கு வந்தவுடன், மூடி இறுக்கியபடியே நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை புரியைத் துணியால் துடைத்து, ரப்பர் வளையத்தில் சிலிக்கன் கிறீஸ் மெல்லிதாகத் தடவுங்கள். தேங்காயெண்ணெயும் வாகன எண்ணெயும் வேண்டாம், சில ரப்பரை அவை ஊதவைக்கும்.

பையில் போடுமுன் பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினால் பல ரோச்சுகளில் தொடர்பு அறுந்துவிடும். சுவிச்சு அழுந்தித் துணி கருகாது. இரண்டு பற்றரி வரிசையாகப் போடும் ரோச் என்றால், ஒரே வகை, ஒரே நாளில் வாங்கிய, ஒரே அளவு சார்ச் ஏறிய சோடியையே போடுங்கள். ஒன்று முதலில் இறங்கினால் மற்றது அதை மேலும் கீழே இழுக்கும். பாதுகாப்புச் சேர்க்கிற் உள்ள பற்றரி சில மி.மீ. நீளம் கூட என்பதால் சில ரோச்சுகளில் மூடி பூட்டாது. பழைய ரோச்சைக் கடைக்குக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.