கருவி யார் கையில்? வகுப்பறைத் தொழில்நுட்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில், பெற்றோரும் முன்னாள் மாணவர்களும் காசு சேர்த்துத் தமிழ்ப்பள்ளிக்கு ப்ரொஜெக்டரும் டேப்லெட்டும் வாங்கித் தருகிறார்கள். அப்படி வந்த பொருளை வைத்து ஆசிரியர் ஸ்லைடு காட்ட, பிள்ளைகள் பார்த்து எழுதுவதோடு பாடம் முடிந்துவிட்டால், கரும்பலகைக்குப் பதில் வெள்ளைத்திரை வந்திருக்கிறது, அவ்வளவுதான். எனக்குப் பெரிய தவறாகப் படுவது இதுதான். தேடுவதும் கேள்வி கேட்பதும் செய்து பார்ப்பதும் மாணவர் வேலை. ஒரு பாடவேளையில் கருவியை அதிக நேரம் தொட்டது யார் என்று கவனியுங்கள். பாடம் யாரைச் சுற்றி நடக்கிறது என்பது தெரிந்துவிடும்.

வரலாற்றுப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தின் எல்பில் தோட்டத்திலும் அருகிலிருந்த இன்னொரு தோட்டத்திலும் ஐரோப்பிய நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. நம் ஊரில் நடந்ததை நான்கு ஸ்லைடில் முடிக்கவா டேப்லெட்? பிள்ளைகளைப் பாட்டி தாத்தாவிடம் அனுப்பி ஒலிப்பதிவு செய்யச் சொல்லலாம். “அந்தக் காலத்தப் பத்தி உங்க அப்பா அம்மா என்ன சொன்னாங்க, பாட்டி? காலையில பெரட்டுக்கு எத்தன மணிக்குப் போவீங்க?” (பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் வேலையாட்களைப் பெயர் கூப்பிடுவது.) பதிவுகளை வகுப்பில் கேட்கும்போது, இரண்டு வீட்டுக் கதைகள் ஒத்துப்போகாத இடம் ஒன்று வரும். ஏன் ஒத்துப்போகவில்லை என்று பிள்ளைகளே பேசட்டும். ஆசிரியர் அவசரப்பட்டு விடை சொல்ல வேண்டாம். வீட்டாரின் சம்மதம் இல்லாமல் அந்தக் குரல்களையோ பிள்ளைகளின் முகங்களையோ சமூக ஊடகத்தில் ஏற்றுவது இன்னொரு தவறு.

வேகத்துக்குப் புள்ளி தரும் புதிர்ப்போட்டிகளில் கவனம் தேவை. கஹூட் என்ற புதிர்ப்போட்டிச் செயலியில் சரியான விடையை முந்தி அழுத்தியவருக்கே அதிகப் புள்ளி. நிதானமாக யோசிக்கும் பிள்ளை சில வாரங்களில் யோசிப்பதையே விட்டுவிடும். நேரத்தைக் கூட்டி வையுங்கள், புள்ளியை நிறுத்திவிடுங்கள். கருவி குறைவான பள்ளிக்கு பிளிக்கர்ஸ் என்ற செயலி நன்றாகப் பொருந்தும். மாணவர்கள் அச்சிட்ட அட்டையைத் திருப்பிப் பிடித்தால் போதும், ஆசிரியரின் ஒரே கைப்பேசி அத்தனை பேர் விடையையும் படித்துவிடும்.

அடுத்தது வீட்டுப்பாடம். 2020இல் கோவிட் தொற்றால் வந்த நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது, ஒரே கைப்பேசியை அண்ணன் தம்பிகள் மாற்றி மாற்றிப் பிடித்ததைப் பார்த்தோம். இன்றும் சில வீடுகளில் இருக்கும் ஒரே கைப்பேசி அப்பாவோடு இரவு வேலைக்குப் போய்விடுகிறது. மாலையில் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் காணொளி இணைப்பு அனுப்பி, மறுநாள் ‘பார்க்கவில்லையா?’ என்று கேட்பது அந்தப் பிள்ளையைத் தண்டிப்பதாகும். இணையம் தேவைப்படும் பகுதியைப் பள்ளியிலேயே முடித்துவிடுங்கள். பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகும் ஸ்கிராட்ச் போன்ற மென்பொருளைக் கணினியில் ஒருமுறை நிறுவிவிட்டால், பிறகு இணையமே வேண்டாம்.

மாதத்துக்கொரு புதுச் செயலி வேண்டாம். இரண்டு போதும்.

குழு வேலையில் டேப்லெட் பெரும்பாலும் கெட்டிக்காரப் பிள்ளையின் மடியிலேயே தங்கிவிடும், மற்றவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாறட்டும். முதல் முறை, வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளையிடம் கொடுங்கள்.