வைஃபை டிரைவர் எதுவரை? ரோமிங் முடிவை யார் எடுப்பது?

ஏற்காட்டில் எஸ்டேட் பங்களாவை விடுதியாக்கி நடத்துபவர்கள் இரண்டு ரவுட்டர் வைப்பதுண்டு. வரவேற்பறையில் ஒன்று, காபிச் செடிகளைத் தாண்டி காட்டேஜில் இன்னொன்று. பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றேதான். லேப்டாப்போடு காட்டேஜுக்குப் போனாலும் அது வரவேற்பறை ரவுட்டரையே பிடித்துக்கொண்டு தொங்கும். உடனே பழி பனிமூட்டத்தின் மேல் விழும். இந்த அலைவரிசைகளில் பனி பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. நடுவில் நிற்கும் சில்வர் ஓக் மரங்களின் நனைந்த இலைகள்தான் சிக்னலைத் தின்கின்றன. சரி, சிக்னல் குறைந்தும் லேப்டாப் ஏன் அடுத்த ரவுட்டருக்கு மாறவில்லை? இப்படி மாறுவதற்குப் பெயர்தான் ரோமிங். லினக்ஸில் பார்த்துவிடலாம்.

முதலில் பொறுப்பு எப்படிப் பிரிந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். ஏற்காடு பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் கியரை எப்போது மாற்றுவது என்பது டிரைவர் பாடு; எங்கே நிறுத்துவது என்பது கண்டக்டரின் விசில். வைஃபையிலும் அப்படித்தான்; சிப்பை இயக்கும் மென்பொருளுக்கும் டிரைவர் என்றே பெயர். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு பாக்கெட் வந்ததும் 10 மைக்ரோவினாடியில் 'கிடைத்தது' என்று பதில் போயாக வேண்டும். மேலே உள்ள மென்பொருளைக் கேட்டு வர நேரமில்லை, சிப்பே அனுப்பிவிடும். எந்த நெட்வொர்க்கில் சேருவது, எப்போது விலகுவது என்பவை விருப்பம் சார்ந்தவை. அவற்றை டபிள்யூபிஏ சப்ளிகண்ட் போன்ற யூசர்ஸ்பேஸ் கருவிகள், அதாவது லினக்ஸின் மையமான கர்னலுக்கு வெளியே ஓடுபவை, முடிவு செய்யும். கர்னலில் வைஃபை அமைப்புகளுக்கென்று சிஎஃப்ஜி80211 என்ற பகுதி இருக்கிறது. அதோடு இந்தக் கருவிகள் பேசும் வழி என்எல்80211.

இனி செய்து பார்ப்போம். கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதல் படி: 'ஐடபிள்யூ டெவ்'. உங்கள் வைஃபை இடைமுகத்தின் பெயர் தெரியும். டபிள்யூலேன்0 என்று வைத்துக்கொள்வோம். பிறகு 'ஐடபிள்யூ டெவ் டபிள்யூலேன்0 லிங்க்' கொடுத்தால் எந்த ரவுட்டரில் இருக்கிறீர்கள், சிக்னல் எவ்வளவு என்று வரும். மைனஸ் 50 (அலகு டிபிஎம்) நல்லது, மைனஸ் 80 மோசம்.

இரண்டாவது படிதான் முக்கியம். ஒரு டெர்மினலில் 'ஐடபிள்யூ ஈவென்ட் -டி' (-t) ஓடட்டும். இன்னொன்றில் சூடோ சேர்த்து 'ஐடபிள்யூ டெவ் டபிள்யூலேன்0 சிகியூஎம் ஆர்எஸ்எஸ்ஐ -70 4' கொடுங்கள். 'சிக்னல் மைனஸ் 70-க்குக் கீழே போனால் சொல்லு' என்று டிரைவரிடம் கேட்கிறோம். 4 என்பது எல்லைக்கோட்டிலேயே தத்தளிக்கும்போது ஓயாமல் செய்தி வராமலிருக்க. லேப்டாப்போடு காட்டேஜை நோக்கி நடங்கள். எல்லை தாண்டியதும் முதல் டெர்மினலில் ஒரு வரி விழும். அவ்வளவுதான், டிரைவர் வேறெதுவும் செய்யாது! அளந்து சொல்வது அதன் வேலை. மைனஸ் 70 என்ற எண் நம்முடையது. அந்த எண்ணை டிரைவருக்குள்ளேயே எழுதி வைத்தால் மலைக்கும் சேலம் கடைவீதிக்கும் ஒரே விதியாகிவிடும், அது சரிப்படாது. சில டிரைவர்களில் இந்த வசதி இல்லை. ஆதரவில்லை என்று பிழை வரும்.

மூன்றாவது, அந்த முடிவை நிரந்தரமாக்குவது. டபிள்யூபிஏ சப்ளிகண்டை நேரடியாகப் பயன்படுத்துபவர்கள் அமைப்புக் கோப்பின் நெட்வொர்க் பகுதியில் பிஜிஸ்கேன் வரியில் 'சிம்பிள்:30:-70:300' என்று போடலாம். சிக்னல் மைனஸ் 70-க்குக் கீழே போனால் 30 வினாடிக்கு ஒருமுறை, நன்றாக இருந்தால் 300 வினாடிக்கு ஒருமுறை வேறு ரவுட்டரைத் தேடும். இணைப்புகளைத் தானே நிர்வகிக்கும் நெட்வொர்க் மேனேஜர் ஓடும் கணினியில் இந்தக் கோப்பைத் திருத்திப் பயனில்லை. அது தன் மதிப்பையே கொடுக்கும்.

எல்லா விதியும் மேலே உள்ள கருவிகளுக்குப் போகாது. 'ஐடபிள்யூ ரெக் கெட்' கொடுத்துப் பாருங்கள், எந்த நாட்டு விதிப்படி ஓடுகிறது என்று தெரியும். எந்தச் சேனல், எவ்வளவு பவர் என்பது சட்டம் சம்பந்தப்பட்டது. இந்தியாவில் 5 கிகாஹெர்ட்ஸ் விதிகள் 2018-இல் தளர்த்தப்பட்டன. நாட்டை நாம் சொல்லலாம், ஆனால் அந்த வரம்பைக் கர்னலே காவல் காக்கும். இன்டெல் சிப்புகள் பலவற்றில் சிப்புக்குள்ளேயே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரே பார்த்துக்கொள்கிறது.

ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் செய்பவர்களுக்கு ஒன்று. அதன் பிராட்காம் சிப்பில் ஃபர்ம்வேரே ரவுட்டர் மாறும் முடிவை எடுக்கக்கூடும். அப்போது மேலே என்ன எண் போட்டாலும் எடுபடாது. டிரைவர் மாட்யூல்களைக் கர்னலில் ஏற்றும் மாட்ப்ரோப்பின் அமைப்புகளில் பிஆர்சிஎம்எஃப்மேக் மாட்யூலுக்கு 'ரோம்ஆஃப்=1' கொடுத்து ரீபூட் செய்யுங்கள், அப்புறம் இரண்டாவது படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.