போலந்தில் உக்ரைன் அகதிகளுக்கு உதவத் தன்னார்வலராகச் சேர்வது எப்படி? இங்கே வேலைக்கு வந்திருக்கும் தமிழர்களுக்கான செய்முறை

முதலில் ஒரு விஷயம். இது ஏற்கெனவே போலந்தில் குடியிருப்பு அட்டையோடு இருப்பவர்களுக்கான பதிவு. கிராகோவ், வார்சா ஐடி கம்பெனிகளில் இருப்பவர்கள், மேற்படிப்புக்கு வந்தவர்கள், கிடங்குகளில் வேலை பார்ப்பவர்கள். ஊரிலிருந்து கிளம்பி வந்து உதவலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். தன்னார்வப் பணிக்கென்று தனி விசா இருக்கிறது. ஆனால் அதற்கு அழைக்கும் அமைப்பு போலந்து உள்துறையிடம் முன்பே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். சின்ன அமைப்புகள் அந்த வேலையில் இறங்குவதே இல்லை. சுற்றுலா விசாவில் வந்து செய்யலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். விமான டிக்கெட் காசை நன்கொடையாக அனுப்பினாலே அதிகம் பயன்படும்.

2022 வேறு, இப்போது வேறு

பலர் மனதில் இன்னும் 2022 மார்ச் படங்கள்தான் இருக்கின்றன. ப்ஷெமிஷ்ல் ரயில் நிலையம், மெடிகா எல்லையில் குளிரில் நிற்கும் பெண்கள், குழந்தைகள், சூப் ஊற்றும் தன்னார்வலர்கள். நம்மூர் மருத்துவ மாணவர்கள் பலரும் அதே மெடிகா வழியாகத்தான் நடந்து வந்தார்கள்; ஆபரேஷன் கங்கா விமானங்கள் ரெஷோவிலிருந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போயின. உக்ரைன் தண்டவாளம் 1520 மில்லிமீட்டர் அகலம், போலந்துடையது 1435. கீவ், லிவிவ் பக்கமிருந்து வரும் பெரும்பாலான ரயில்கள் ப்ஷெமிஷ்லோடு நின்றுவிடும், அங்கே எல்லாரும் இறங்கித்தான் ஆக வேண்டும். அந்தச் சின்ன ஊர் உலகச் செய்தியானதற்கு இந்தத் தண்டவாளமும் ஒரு காரணம்.

அந்தக் கூட்டம் இன்று இல்லை. அவசரம் போய்விட்டது, ஆட்கள் இருக்கிறார்கள். ஏறக்குறைய பத்து லட்சம் உக்ரைனியர்கள் போலந்தில் தற்காலிகப் பாதுகாப்பில் வாழ்கிறார்கள். 2022 மார்ச் 4 அன்று தொடங்கிய அந்த ஏற்பாட்டை ஐரோப்பிய ஒன்றியம் இப்போது 2027 மார்ச் 4 வரை நீட்டித்திருக்கிறது. ஆனால் சலுகைகள் ஒவ்வொன்றாகக் குறைந்துவிட்டன. வீட்டில் இடம் கொடுத்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 ஸ்வோட்டி என்று அரசு கொடுத்ததை 2024 ஜூலை 1 முதல் நிறுத்திவிட்டார்கள். 2024 செப்டம்பரிலிருந்து குழந்தைகள் போலிஷ் பள்ளிக்குக் கட்டாயம் போக வேண்டும். போகாவிட்டால் குழந்தைகளுக்கான மாத உதவித்தொகையும் போய்விடும்.

அதனால் இன்றைய வேலை என்பது படிவம் நிரப்புவது, பள்ளிப் பாடம் சொல்லிக்கொடுப்பது, போலிஷ் பேசிப் பழகத் துணை இருப்பது, முதியவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போவது, மளிகைப் பொட்டலம் கட்டுவது. போட்டோவுக்கு அழகாக இருக்காது. இது பிடிக்காது என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், தப்பில்லை.

முதல் படி: அமைப்பைத் தேர்ந்தெடுப்பது

பெரியவை என்றால் காரித்தாஸ், போலிஷ் செஞ்சிலுவைச் சங்கம், போலிஷ் மனிதநேய நடவடிக்கை அமைப்பு. வார்சாவில் ஒசலேனியே அறக்கட்டளையும் உக்ரைன் இல்லமும் உண்டு. பெரிய அமைப்பில் விண்ணப்பம் போட்டால் பதில் வர நேரமாகும். நான் சொல்வது, உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் டிராமில் போகக்கூடிய உள்ளூர் அமைப்பு ஒன்றைப் பாருங்கள். தூரமாக இருந்தால் இரண்டாவது மாதம் போக மாட்டீர்கள். பனி கொட்டும் ஜனவரியில் சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும், ஆபீஸ் முடிந்து இரண்டு டிராம் மாறிப் போக யாருக்கும் மனசு வராது.

அப்புறம், அமைப்பு உண்மையானதா என்று பாருங்கள். போலந்தில் பதிவான ஒவ்வொரு அறக்கட்டளைக்கும் கேஆர்எஸ் என்ற நீதிமன்றப் பதிவேட்டில் பத்து இலக்க எண் இருக்கும். நீதித்துறையின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். முகவரி, பொறுப்பாளர்கள் பெயர், அமைப்பு கலைக்கப்பட்டு வருகிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். ஃபேஸ்புக் பக்கமும், போனில் பணம் வாங்கும் பிளிக் எண்ணும் மட்டுமே வைத்திருக்கிற ‘அமைப்பு’களிடம் பணமும் கொடுக்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமையையும் கொடுக்காதீர்கள்.

இரண்டாம் படி: கடிதம்

நான்கு வரி போதும். என்ன மொழி தெரியும், வாரத்தில் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வர முடியும், எத்தனை மாதம் வர முடியும், குடியிருப்பு அட்டை எதுவரை செல்லும். ‘எந்த உதவி வேண்டுமானாலும் செய்யத் தயார்’ என்று எழுதாதீர்கள். ஒருங்கிணைப்பாளருக்கு அது ஒன்றும் சொல்லாத வரி. ‘ஒவ்வொரு செவ்வாயும் ஆறிலிருந்து எட்டு வரை, ஜூன் வரை’ என்று எழுதிப் பாருங்கள், பதில் வேகமாக வரும்.

மூன்றாம் படி: காகிதங்கள்

இங்கேதான் எனக்கு மாதக்கணக்கில் நின்றது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தன்னார்வலர் ஒப்பந்தம். 2003-ஆம் ஆண்டின் பொதுநலப் பணிச் சட்டப்படி, 30 நாளுக்கு மேல் பணி செய்வதாக இருந்தால் ஒப்பந்தம் எழுத்தில் இருந்தே ஆக வேண்டும். விபத்துக் காப்பீட்டில் ஒரு வேடிக்கை: ஒப்பந்தம் 30 நாளுக்கு மேல் என்றால் விபத்துக்கு அரசே பொறுப்பு, அதற்குக் குறைவு என்றால் அமைப்புதான் காப்பீடு எடுத்துத் தர வேண்டும். ‘ஒரு மாதம் பார்க்கலாம், அப்புறம் எழுதிக்கலாம்’ என்று யாராவது சொன்னால், அந்த ஒரு மாதத்துக்குக் காப்பீடு எடுத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். கிடங்கில் பெட்டி தூக்குகிற வேலைக்கு இது முக்கியம்.

அடுத்தது குழந்தைகள். 2023-இல் சென்ஸ்டொஹோவா நகரைச் சேர்ந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் வீட்டுக் கொடுமையில் இறந்துபோனான். அதன் பிறகு சட்டத்தை இறுக்கினார்கள். 2024 பிப்ரவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. குழந்தைகளுக்குக் கற்பிக்கவோ பார்த்துக்கொள்ளவோ வருகிற எவரும், சம்பளம் இல்லாவிட்டாலும், குற்றப் பின்னணி இல்லை என்று காட்ட வேண்டும். வெளிநாட்டுக்காரர்களுக்கு நடைமுறையில் இவையெல்லாம் தேவை:

பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லை என்பதை அமைப்பே பார்த்துக்கொள்ளும். போலந்துக் குற்றப் பதிவேட்டுச் சான்றிதழை நீங்கள் வாங்க வேண்டும், ஆன்லைனிலேயே முடியும். அதற்கு மேல் உங்கள் குடியுரிமை நாட்டுச் சான்றிதழ், அதாவது இந்தியர்களுக்கு பிசிசி என்கிற போலீஸ் சான்றிதழ். போதாததற்குக் கடந்த 20 ஆண்டுகளில் எந்தெந்த நாட்டில் குடியிருந்தீர்கள் என்ற உறுதிமொழியும், அந்தந்த நாட்டின் சான்றிதழும். சிங்கப்பூரில் ஆன்சைட் போனவர்கள், துபாயில் இருந்துவிட்டு வந்தவர்கள் இதைக் கவனியுங்கள். ஒரு நாடு அப்படிச் சான்றிதழே தருவதில்லை என்றால், பொய் சொன்னால் தண்டனை என்ற வாசகத்தோடு நீங்களே எழுதித்தர வழி இருக்கிறது.

பிசிசிக்கு வார்சாவிலுள்ள இந்தியத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்கலாம். போலீஸ் விசாரணை தேவைப்பட்டால் அது பாஸ்போர்ட்டில் இருக்கும் ஊர் முகவரிக்குப் போகும். என் பாஸ்போர்ட்டில் இருந்தது பழைய வாடகை வீடு. போலீஸ்காரர் போய்ப் பார்த்திருக்கிறார், வேறு யாரோ குடியிருக்கிறார்கள், திரும்பிவிட்டார். பிறகு அம்மாவுக்கு ஸ்டேஷனிலிருந்து போன். அம்மாவோ, வெளிநாட்டில் பையன் என்ன வம்பில் மாட்டினானோ என்று பதறிவிட்டார். விண்ணப்பித்த அன்றே வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள்: போலீஸ் வருவார், பயப்படாதீர்கள், ஆதார் நகலும் உங்கள் பாஸ்போர்ட் நகலும் எடுத்து வையுங்கள். பழைய முகவரி என்றால் பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடமும் ஒரு வார்த்தை.

சான்றிதழ் ஆங்கிலத்தில் வரும். அதைப் பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துப் போலிஷில் மாற்ற வேண்டும். அவர்கள் கணக்கில் ஒரு பக்கம் என்றால் 1125 எழுத்து. முத்திரையில் இருப்பதையும் சேர்த்தே மொழிபெயர்ப்பார்கள். ஒரு தாள்தானே என்று போனால் பில் இரண்டு பக்கத்துக்கு வரும்.

கடைசியாக நம்ம இனிஷியல் பிரச்சினை. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. ஒருவர் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், இன்னொருவருக்கு அந்தக் கட்டமே காலியாக இருக்கும். போலிஷ் படிவம் எதையும் காலியாக விடாது. அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்தபோது இருந்த குடும்பப் பெயர் என்று எல்லாம் கேட்கும். குடியிருப்பு அட்டையில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து, எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். ஒரு இடத்தில் அப்பா பெயரை முன்னால், இன்னொரு இடத்தில் பின்னால் போட்டால் இரண்டு ஆட்கள் என்றே நினைப்பார்கள்.

இதெல்லாம் வந்து சேரும்வரை சும்மா இருக்க வேண்டாம். கிடங்கு வேலைக்கு இந்தச் சான்றிதழ்கள் தேவையில்லை. பல அமைப்புகள் அங்கேதான் உங்களைத் தொடங்கவும் வைக்கும்.

நான்காம் படி: வேலையில் இறங்குவது

கிடங்குக்கு: தடித்த மார்க்கர், கட்டர், ரப்பர் பிடி உள்ள கையுறை. பெட்டி வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை, சூப்பர் மார்க்கெட்டில் வாழைப்பழம் வருகிற அட்டைப் பெட்டியைக் கேட்டால் கொடுப்பார்கள். கைப்பிடி ஓட்டை உண்டு, ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கும், அதைவிட நல்ல பெட்டியை நான் பார்த்ததில்லை. துணி பிரிக்கும்போது அளவில் குழப்பம் வரும்: ஐரோப்பிய 38 என்கிற பெண்கள் சட்டை உக்ரைன் கணக்கில் 44. ஆறைக் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு எண்ணையும் பெட்டி மேல் எழுதினால் வருகிறவர்கள் தாங்களே எடுத்துக்கொள்வார்கள்.

மொழிபெயர்ப்புக்கு எனக்கு டீப்எல் பிடிக்கும், வாக்கியம் மரியாதையாக வருகிறது. ஆனால் கிடங்கின் அடித்தளத்தில் சிக்னல் இருக்காது. அதற்காக கூகுள் டிரான்ஸ்லேட்டில் உக்ரைனிய மொழியைத் தரவிறக்கி வைத்திருக்கிறேன். கிழக்கிலிருந்து வந்த பலருக்கு ரஷ்ய மொழி வீட்டு மொழி. அதற்காக நீங்களாக ரஷ்ய மொழியில் ஆரம்பிக்காதீர்கள். உக்ரைனிய மொழியில் வணக்கம் சொல்லுங்கள், அவர்கள் எந்த மொழிக்கு மாறுகிறார்களோ அதில் போங்கள்.

படிவம் நிரப்பும் மேசையில் உட்கார்ந்தால் இனிஷியல் பிரச்சினையின் உக்ரைன் பதிப்பைப் பார்ப்பீர்கள். ஒரே ஆள் உக்ரைன் பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்துக்கூட்டலில் இருப்பார். 2022-இல் அவசரத்தில் சிரிலிக் எழுத்து ஆவணத்தைப் பார்த்துப் பதிந்த பெசல் (போலந்து அரசின் அடையாள எண்) பதிவில் வேறு மாதிரி இருப்பார். வங்கி, பள்ளி, மருத்துவமனை எல்லாமே இதில் முட்டும். நீங்களாகத் திருத்தி எழுதாமல், நகராட்சி அலுவலகத்தில் பெசல் பதிவை பாஸ்போர்ட்டின்படி மாற்றச் சொல்லி அனுப்புவதுதான் முதல் வேலை.

பேச்சு

நமக்குப் புதிதாக ஒருவரைப் பார்த்ததும் ‘எந்த ஊர்?’ வாயில் வந்துவிடும். அடுத்தது ‘வீட்டுக்காரர் என்ன பண்றார்?’ இரண்டையும் கேட்காதீர்கள். ஊர் மரியுபோலாக இருக்கலாம். போர் தொடங்கியதும் 18 முதல் 60 வயது ஆண்கள் நாட்டைவிட்டு வெளியேற உக்ரைன் தடை போட்டது. வீட்டுக்காரர் எங்கே என்பதற்கு அந்த அம்மாவிடம் நல்ல பதில் இல்லாமல் போகலாம். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். டீ கொடுங்கள், வானிலை பேசுங்கள், பிள்ளைகளின் போலிஷ் எப்படி என்று கேளுங்கள். (பிள்ளைகள் நம்மைவிட நன்றாகப் பேசுவார்கள்.)

உங்கள் காரில் தனியாக யாரையும் ஏற்றாதீர்கள், அமைப்பு சொல்லி, பதிவு செய்திருந்தால் தவிர. 2022-இல் ரயில் நிலையங்களில் ஆள் கடத்தல் எச்சரிக்கை ஒட்டியிருந்தார்கள். தெரியாத ஆணின் காரில் ஏறாதே என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அந்தப் பாடத்தை நாம் கெடுக்கக் கூடாது. குழந்தைகளோடு செல்ஃபி கூடாது. யாருடைய ஆவணத்தையும் உங்கள் போனில் படம் எடுக்காதீர்கள், அமைப்பின் ஸ்கேனர் இருக்கிறது.

பிற்சேர்க்கை 1

இளைஞர்களுக்கு உதவ வழி உண்டா என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்டு. 2025 ஆகஸ்ட் இறுதியில் 18 முதல் 22 வயது வரையிலான ஆண்கள் எல்லை தாண்ட உக்ரைன் அனுமதித்தது. அதன் பிறகு தனியாக வருகிற பையன்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களுக்குத் துணி தேவையில்லை. போலிஷில் சிவி எழுத வேண்டும், வாடகை ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். ஐடிக்காரர்களுக்கு இது நல்ல இடம். சாயங்காலத்திலும் நடக்கும், பெரியவர்கள் என்பதால் மேலே சொன்ன குழந்தைகள் சட்டமும் குறுக்கே வராது.

பிற்சேர்க்கை 2

வீட்டில் சாம்பார் சாதம் செய்து கொண்டுபோகலாமா என்று பலர் கேட்டுவிட்டார்கள். பெரும்பாலான இடங்களில் வாங்க மாட்டார்கள், தேதி அச்சிட்ட பொட்டல உணவுதான். சமைத்தே ஆக வேண்டும் என்றால் அமைப்பின் சமையற்கூடத்தில் காய் நறுக்கச் சேருங்கள். அங்கே சுகாதாரத் துறைச் சான்று கேட்கலாம். அதற்கு மூன்று நாள் மலப் பரிசோதனை உண்டு, டப்பாவை ஆய்வகத்திலோ மருந்துக் கடையிலோ வாங்கிக்கொள்ளுங்கள், ஃபிரிட்ஜில் எங்கே வைப்பது என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள்.