சிலிக்கா ஏரிக்குச் செல்வோர் கவனத்திற்கு

ஒடிசாவின் சிலிக்கா, 1981ஆம் ஆண்டிலேயே உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற உவர்நீர் ஏரி. அதைச் சுற்றிப் பார்க்கப் படகு ஏறும் முன், அந்நீரை நம்பியே மீனவக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன என்பதை நினைவில் கொள்வது நல்லது.

பறவைகளுக்காகச் செல்பவர்கள், வலசைப் பறவைகள் நிறைந்திருக்கும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் வடகரையிலுள்ள மங்களாஜோடியைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு காலத்தில் பறவை வேட்டையாடிய ஊர்க்காரர்கள் பலர் இன்று அங்கே வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். நாணலுக்கு இடையே கழி ஊன்றித் தள்ளிச் செல்லும் நாட்டுப்படகில் இயந்திரச் சத்தமே இல்லாததால், பறவைகளை மிரட்டாமல் நெருங்கிப் பார்க்க முடிகிறது. அதிகாலையில் புறப்படுவது உத்தமம்.

ஏரிக்கரையிலுள்ள சாத்பாடாவில் ஐராவதி ஓங்கில்களை (டால்பின்களை) பார்க்கப் போகிறவர்கள், புறப்படும் முன்பே கட்டணத்தைப் பேசி முடிப்பதோடு, ஓங்கில் தென்பட்டதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தொலைவிலேயே காத்திருக்குமாறு படகோட்டியிடம் சொல்லிவிட வேண்டும். துரத்திப் போகச் சொல்வது பெரும்பாலும் பயணிகள்தாம். படகோட்டியை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. நீரில் வரிசையாக நடப்பட்ட மூங்கில் கழிகளைக் கண்டால், அவற்றுக்கிடையே வலை கட்டியிருக்கக்கூடும் என்பதால், சுற்றுவழியில் செல்வதற்கு ஆகும் கூடுதல் நேரத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். படகு இயந்திரத்தின் சுழலும் விசிறியில் சிக்கி வலை அறுந்தால், அதன் உரிமையாளருக்கு அன்றைய வருமானம் போய்விடும். உயிர்காப்பு உடை இல்லாத படகில் ஏறவே வேண்டாம்.