பழைய கப் கேடட் டிராக்டரைச் சீர்செய்யும்போது கை எங்கே தவறுகிறது

இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1961 முதல் அமெரிக்காவின் லூயிவில் ஆலையில் தயாரித்த கப் கேடட் தோட்ட டிராக்டர்கள் லேசில் சாகாதவை. இன்று கைக்கு வரும் வண்டிகளில் வயது செய்த சேதத்தைவிட, ரிப்பேர் பார்த்தவர்கள் செய்த சேதமே பெரிதாக இருக்கும். 12 குதிரைத்திறன் கோஹ்லர் கே301 இன்ஜின் பூட்டிய மாடல்களை வைத்தே சொல்கிறோம்.

துருவைப் பார்த்ததும் முழு வண்டியையும் மணலடிக்க, அதாவது காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சித் துருவை உரிக்க, கொடுப்பதுதான் மிக மோசமான தவறு. இந்த இன்ஜினில் ஆயில் பம்ப்பும் இல்லை, ஆயில் ஃபில்டரும் இல்லை. பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் உள்ள சிறு கரண்டி ஆயிலை வாரி இறைக்கும், அவ்வளவுதான். அலுமினிய ராடு, இடையில் பேரிங் எதுவும் இல்லாமல், நேராக கிராங்க் மீதே சுற்றுகிறது. சீல் ஓரத்திலோ ப்ரீதர் எனும் காற்றுப்போக்கி வழியாகவோ உள்ளே போன மணல் அங்கேயே சுற்றி ராடைத் தின்றுவிடும். மணலடி தகரப் பாகங்களுக்கும் சேசிஸுக்கும் மட்டும். இன்ஜினுக்கு மண்ணெண்ணெயும் கம்பி பிரஷ்ஷும் போதும்.

வாங்கிய அன்றே ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையையும் அடக்க வேண்டும். பிளைவீல் மூடியைக் கழற்றினால் பல வண்டிகளில் எலிக்கூடு இருக்கும். இன்ஜினைக் காற்றில் குளிர்விக்கும் தகடுகளான கூலிங் ஃபின்கள் அடைபட்ட நிலையில் ஓட்டினால் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட் சூடேறி வளையும், கேஸ்கட் ஊதும். ஹெட்டைத் திரும்பப் பூட்டும்போது போல்ட்டுகளை ஒரேயடியாக முறுக்கக் கூடாது. வரிசைப்படி, பல சுற்றில், 25 முதல் 30 அடி-பவுண்டு வரை.

பிளக்கில் நெருப்புப் பொறி வரவில்லை என்றால் காயில், கண்டன்சர் எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்க வேண்டாம். பெரும்பாலும் பாயின்ட் (பொறிக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறு சுவிட்ச்) முனைதான் கறுத்திருக்கும். இடைவெளி 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர். அதோடு விடாதீர்கள்: பிளைவீலில் 'எஸ்' குறி நேருக்கு வரும்போது பாயின்ட் திறக்கத் தொடங்குகிறதா என்று டெஸ்ட் லைட் வைத்துப் பாருங்கள். இடைவெளி சரியாக இருந்தும் டைமிங் தவறியிருக்கலாம்.

இன்ஜின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் கவர்னரைக் கட்டிப்போட்டு வேகம் கூட்டுவது தற்கொலை. உச்ச வரம்பு நிமிடத்துக்கு 3600 சுற்று. அதைத் தாண்டினால் ராடு ஒடிந்து பிளாக்கைத் துளைக்கும். வார்ப்பிரும்பு பிளைவீல் சிதறினால் பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து.

இன்ஜினை முழுதாகப் பிரித்தால் உள்ளே அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் கியர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவற்றின் ஊசி பேரிங் தேய்ந்தால் கியர் உடைந்து பிளாக்கையே கெடுத்துவிடும். பலர் அவற்றை எடுத்துவிடுகிறார்கள். அதிர்வு சற்றுக் கூடும், பிளாக் பிழைக்கும். எங்கள் கணக்கில் அது நல்ல பேரம்தான். வைத்துக்கொள்வதென்றால் டைமிங் குறிகளைப் பொருத்தியே பூட்ட வேண்டும்.

பெல்ட்டில் ஓடும் ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டர் உள்ள வண்டியில் பேட்டரிக்குப் போகும் மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மாற்றிய பின், இன்ஜினை ஓட்டுவதற்கு முன், அதன் பேட்டரி முனையையும் ஜெனரேட்டர் முனையையும் ஒரு கம்பியால் ஒரு நொடி தொட்டெடுக்க வேண்டும். மறந்தால் துருவம் மாறியிருக்கும் ஜெனரேட்டர் புது ரெகுலேட்டரின் பாயின்ட்டை எரித்துவிடும்.

கியருக்குப் பதில் திரவ அழுத்தத்தில் சக்கரத்தை ஓட்டும் 123 போன்ற ஹைட்ரோ மாடல்களுக்கு இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் ஹை-டிரான் திரவம்தான். பழையது பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மேலே கொஞ்சம் ஊற்றிச் சமாளிக்காமல் முழுவதும் வடித்து, ஃபில்டரையும் மாற்றுங்கள்.