ரூட் கடவுச்சொல்லைத் தராமல் வேலையை மட்டும் ஒப்படைக்க: சூடோ அமைக்கும் முறை

உபுண்டு சர்வரில் இயங்கும் இணையதளத்தைப் பராமரிப்பவர்களுக்கு இணையப் பக்கங்களை வழங்கும் என்ஜின்எக்ஸ் சேவையை மறுதொடக்கம் செய்யும் தேவை அடிக்கடி வரும். அதற்காக எல்லா அதிகாரமும் கொண்ட நிர்வாகிக் கணக்கான ரூட்டின் கடவுச்சொல்லைப் பகிர்வதும், சாதாரணப் பயனர் ரூட் உரிமையில் கட்டளைகளை இயக்க வழிதரும் சூடோ கருவியின் ‘சூடோ’ குழுவில் அவர்களைச் சேர்ப்பதும் சர்வர் முழுவதையும் ஒப்படைப்பதற்குச் சமம். அந்தக் குழுவில் இருப்பவர், ரெட் ஹேட் வகை சர்வர்களில் வீல் குழுவில் இருப்பவரைப் போலவே, எந்தக் கட்டளையையும் ரூட்டாக இயக்கலாம். தேவையான கட்டளைகளை மட்டும் பெயர் சொல்லி அனுமதிப்பதே முறை.

முதலில் வெப்ஆப்ஸ் என்பது போன்ற ஒரு தனிக் குழுவை உருவாக்கி, உரிய பயனர்களை அதில் சேர்க்கவும். பிறகு இடிசி கோப்புறைக்குள் இருக்கும் ‘சூடோயர்ஸ்.டி’ கோப்புறையில், சூடோவின் விதிக்கோப்புகளைத் திருத்தும் விசூடோ கட்டளையை ‘-எஃப்’ விருப்பத்துடன் பயன்படுத்தி, அந்தக் குழுவுக்கென ஒரு கோப்பைத் திறக்கவும். கோப்பின் பெயரில் புள்ளி இருந்தால் சூடோ எந்த எச்சரிக்கையும் தராமல் அதைத் தவிர்த்துவிடும். விசூடோ சேமிக்கும்போதே இலக்கணப் பிழைகளைச் சோதிப்பதால், வேறு எடிட்டரில் இந்தக் கோப்பைத் திருத்த வேண்டாம். தவறு நேர்ந்தால் சரிசெய்ய, வேலை முடியும்வரை இன்னொரு முனையத்தில் ரூட் அமர்வு ஒன்றைத் திறந்தே வைத்திருங்கள்.

விதியை ஒரே வரியில் எழுதலாம். சதவீதக் குறியை முன்னிட்ட குழுப்பெயர், ‘ஆல்’ என்ற சொல், சமக்குறி, அடைப்புக்குறிக்குள் ரூட், அதன்பின் முழுப்பாதையுடன் கட்டளை என்பதே வரிசை. இங்கே சேவைகளைக் கட்டுப்படுத்தும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையின் பாதையை மட்டும் எழுதி நிறுத்தினால், அதன்பின் தட்டும் எந்த ஆர்குமென்ட்டும் (கட்டளையைத் தொடரும் சொற்கள்) செல்லுபடியாகிவிடும். அப்போது அந்தப் பயனர் எந்தச் சேவையையும் நிறுத்தலாம், சேவைக் கோப்பையே திருத்தலாம். எனவே ‘ரீஸ்டார்ட் என்ஜின்எக்ஸ்’, ‘ரீலோட் என்ஜின்எக்ஸ்’ ஆகியவற்றை ஆர்குமென்ட்டோடு சேர்த்துத் தனித்தனியாக எழுதவும். நட்சத்திரக் குறியையும் தவிர்க்கவும். அது இடைவெளிகளையும் ஏற்பதால், நாம் எண்ணாத கூடுதல் விருப்பங்கள் அதன் வழியே நுழைந்துவிடும்.

எந்தக் கட்டளையைக் கொடுக்கிறோம் என்பதில்தான் பெரும்பாலான ஓட்டைகள் விழுகின்றன. விஐ எடிட்டர், கோப்பைப் படிக்க உதவும் லெஸ், கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் போன்றவை தமக்குள்ளிருந்தே வேறு கட்டளைகளை இயக்கக்கூடியவை. லெஸ் திறந்திருக்கையில் ஆச்சரியக்குறியைத் தொடர்ந்து எஸ்எச் எனத் தட்டினால், எந்தக் கட்டளையையும் ரூட்டாக இயக்கும் ஷெல் கிடைத்துவிடும். எல்லாவற்றையும் அனுமதித்து, ஆச்சரியக்குறியிட்டுச் சிலவற்றை மட்டும் விலக்கும் விதியும் பயன்படாது. விலக்கிய நிரலை வேறு பெயரில் நகலெடுத்து இயக்கிவிடலாம்.

கோப்பைத் திருத்தும் தேவை இருந்தால் சூடோஎடிட் நல்லது. எடிட்டர் பயனரின் உரிமையிலேயே தற்காலிக நகலில் இயங்கும், மாற்றம் பின்னர் மூலக்கோப்புக்குச் செல்லும். ஆயினும் என்ஜின்எக்ஸின் முதன்மைக் கோப்பைத் திருத்தவும், சேவையை மறுதொடக்கம் செய்யவும் ஒருவருக்கே அனுமதி தந்தால், என்ஜின்எக்ஸ் எந்தக் கணக்கில் இயங்க வேண்டும் எனச் சொல்லும் ‘யூசர்’ வரியில் ரூட் என எழுதி அவர் விரும்பிய கோப்புகளைப் படிக்க முடியும். ஒரு தளத்தின் கோப்பை மட்டும் கொடுத்தாலும், பதிவுகள் எந்தக் கோப்பில் சேரவேண்டும் என்பதை அதில் குறிப்பிட முடியும். அந்தக் கோப்பை ரூட்டாக இயங்கும் என்ஜின்எக்ஸின் தாய்ச் செயல்முறையே திறப்பதால், ரூட் மட்டும் எழுதக்கூடிய கோப்பிலும் அவரால் எழுதவைக்க முடியும். மறுதொடக்கத்தை மட்டும் குழுவுக்குக் கொடுத்து, அமைப்பு மாற்றங்களை நிர்வாகியின் பார்வைக்குப் பின் சேர்ப்பதே பாதுகாப்பானது என்பது என் உறுதியான கருத்து.

கடவுச்சொல் கேட்காமல் அனுமதிக்கும் ‘நோபாஸ்வேர்டு’ (NOPASSWD) குறியைத் தானியங்கி வேலைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளவும். சூடோ தொகுப்பையும் புதுப்பித்து வைக்கவும். 2021 ஜனவரியில் வெளியான ஒரு குறைபாடு, சூடோ உரிமை இல்லாத உள்ளூர்ப் பயனரும் ரூட் ஆவதற்கு வழி தந்தது. அது 2011 முதலே நிரலில் இருந்தது.

முடிவில் சூடோவை ‘-எல்’ (சிறிய எழுத்து), ‘-யு’ (பெரிய எழுத்து) விருப்பங்களோடும் பயனர் பெயரோடும் இயக்கினால் அவருக்கு உண்மையில் கிடைத்த உரிமைகள் தெரியும். யார் எப்போது எதை இயக்கினார் என்பதை உபுண்டுவில் ‘ஆத்.லாக்’ கோப்பில் பார்க்கலாம். ஒருவர் பொறுப்பிலிருந்து விலகும்போது அவரைக் குழுவிலிருந்து நீக்குவதோடு, திறந்திருக்கும் அவருடைய அமர்வுகளையும் மூடவும்; பழைய அமர்வு குழு உரிமையைத் தக்கவைத்திருக்கும்.