இலைச்சாறு பழுப்பாகும் முன்

மரபணு மாற்றிய இலையிலிருந்து புரதம் எடுக்கப் புதிதாக வருபவர்கள் செய்யும் தப்புகளில் பாதி, நான் ஏற்கெனவே செய்து தொலைத்தவை. கையுறை போடுங்கள், குழாயில் பெயர் எழுதுங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

அரைத்த பிறகு யோசிப்பது

இன்றும் எரிச்சல் தருவது இதுதான். புகையிலையின் உறவான நிக்கோட்டியானா பென்தாமியானா செடிகளில், மரபணுவைச் செடிக்குள் கொண்டுசெல்லும் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவை ஏற்றி, ஆறாம் நாள் அரைக் கிலோ இலை பறித்து, வெறும் பாஸ்பேட் பஃபரில் (பிஹெச்சை நிலையாக வைக்கும் கரைசல்) மிக்சியில் அடித்தேன். சாற்றைச் சுழற்றித் தெளியவைக்கும் சென்ட்ரிஃபியூஜின் ரோட்டர் இன்னும் குளிரவில்லை. சரி, இருபது நிமிடம்தானே என்று விட்டேன். திரும்பி வந்தால் பச்சைச் சாறு துருத் தண்ணீர் போல இருந்தது.

முழு இலையில் பீனால் சேர்மங்கள் செல்லுக்குள் ஓர் அறையில், அவற்றை ஆக்சிஜனேற்றும் நொதி இன்னோர் அறையில். அரைத்ததும் இரண்டும் கலந்து குயினோன் உருவாகிறது. அது புரதத்தின் சிஸ்டீன், லைசின் இடங்களில் ஒட்டினால் எவ்வளவு கழுவினாலும் போகாது. புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் எனக்குப் பட்டைக்குப் பதில் இழுவிய கறைதான் கிடைத்தது. புரதத்தைப் பிடித்துச் சுத்தம் செய்யும் ரெசினின் மேல்பகுதியில் விழுந்த பழுப்பு வளையம் கடைசிவரை போகவே இல்லை.

சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டோ அஸ்கார்பிக் அமிலமோ அரைக்கும் முன்பே பஃபரில் இருக்க வேண்டும். பழுப்பான பிறகு கொட்டிப் பயனில்லை. இரண்டுமே பிஹெச்சை இறக்கும், அதனால் சேர்த்த பின் பிஹெச்சைச் சரிசெய்யுங்கள். பீனாலைப் பிடிக்க கரையாத பிவிபிபி தூள் 1 முதல் 2 சதவீதம் போடலாம். ரோட்டர் குளிர்ந்த பிறகு இலையைப் பறியுங்கள். இலையைப் பறித்துவிட்டு ரோட்டருக்குக் காத்திருக்காதீர்கள்.

நிக்கல் ரெசினும் ஈடிடிஏவும்

புரதச் சிதைவைத் தடுக்கும் மாத்திரைகள் சிலவற்றில் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ என்ற சேர்மம் இருக்கும். அது ரெசினில் புரதத்தைப் பிடிக்கும் நிக்கலை உருவிவிடும். நீல ரெசின் வெளுத்துப்போனால் உங்கள் புரதம் வழிந்தோடிய திரவத்தில்தான் இருக்கிறது, அதைக் கொட்டிவிடாதீர்கள்.

பிஎம்எஸ்எஃப்பை முதல் நாளே கலப்பது

புரதச் சிதைவைத் தடுக்கும் இந்தச் சேர்மம் தண்ணீரில் சிதைந்துவிடும். அரைக்கும் நிமிடத்தில் சேருங்கள்.

பி19ஐ மறப்பது

பி19 என்பது செடியின் மரபணு அடக்கலைத் தடுக்கும் வைரஸ் புரதம். அது இல்லாவிட்டால் சில நாளில் செடி உங்கள் மரபணுவின் வாயை அடைத்துவிடும்.

ரூபிஸ்கோவை அலட்சியம் செய்வது

ஒளிச்சேர்க்கையில் கார்பனைப் பிடிக்கும் நொதி இது; இலையின் கரையும் புரதத்தில் ஏறக்குறைய பாதி இதுதான். பிஹெச்சை 5 அளவுக்கு இறக்கினால் பெரும்பகுதி வீழ்படிவாகிவிடும். உங்கள் புரதமும் கூடவே இறங்கக்கூடும் என்பதால் முதலில் ஒரு மில்லிலிட்டரில் பாருங்கள். அப்புறம் மொத்தச் சாறு.

வடிகட்டாமல் ஏற்றுவது

ரெசின் அடைத்துக்கொள்ளும். வேறென்ன.